துடைப்பத்துக்கு ஒரு கைப்பிடி

ரங்கூன்,
திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு இடுப்பு எப்படி என்று போனில் கேட்டாயே, "பரவாயில்லை" என்று அவள் சொன்னது பொய். திஞ்சானுக்கு முன்னால் வீடு முழுக்கக் கழுவினாள். அன்று ராத்திரி புரண்டு படுக்க என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் பெருக்குவதை உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊரானுக்கு மேஜை அடிக்கும்போது அவன் முழங்கை எங்கே வருகிறது என்று அளக்கிற ஆசாரி நான். என் வீட்டுத் துடைப்பமோ அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை. ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு மறு கையால் கூட்டுகிறாள். மாடி இறங்க அலுப்பு என்றால் பால்கனியிலிருந்து கயிறு விட்டு, கிளிப் மாட்டி, பேப்பரை மேலே இழுக்கிற ஊர் இது. துடைப்பத்தைப் பற்றி மட்டும் எந்த ஆம்பளைக்கும் மூளை ஓடவில்லை.

உடனே மூங்கிலைச் செருகிக் கட்டினேன். சரியாக வரவில்லை. நிமிர்ந்து கூட்டினால் புல்லின் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. அம்மா ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "இதுக்கு உங்க உளியாலயே கூட்டலாம்" என்றாள். அப்புறம் புல்லை விசிறி மாதிரி பரப்பித் தைத்து, மூங்கிலைச் சாய்த்துச் செருகினேன். இப்போது படிகிறது. உயரம் அவள் மோவாய் வரை. ஒல்லி மூங்கிலை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு நோகும் என்பதால், பிடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறேன்.

தரை துடைப்பதுதான் பெரும்பாடு. முட்டி போட்டே துடைப்பவர்களுக்கு முட்டிச்சிரட்டைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பை வீங்கிவிடுமாம். அதற்கு இங்கிலீஷில் 'வேலைக்காரி முட்டி' என்றே பேர். ஸ்பெயினில் மனுவேல் ஹாலோன் என்ற இன்ஜினியர், அமெரிக்காவில் விமானக் கொட்டகையை நின்றபடியே துடைப்பதைப் பார்த்துவிட்டு, 1956 வாக்கில் கம்பும் பிழியும் வாளியும் செய்து விற்றாராம். அவரும் பார்த்த பிறகுதான் செய்திருக்கிறார்.

அந்த மாதிரி மாப் ஒன்று வாங்கினேன். ஆனால் 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ, நம் பர்மாக் கணக்கில் ஆறு வீசைக்கு மேல். அதனால் வாளியின் பாதியில் பெயிண்டால் கோடு போட்டுவிட்டேன், அதைத் தாண்டி நிரப்பக் கூடாது. சின்னத் துணியைப் பிழியும்போது குழாயில் மாட்டி, ரெண்டு நுனியையும் சேர்த்து முறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறாள்.

சரி, உன் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன், சிங்கப்பூர் வீட்டில் நீயும் முட்டி போட்டுத்தான் துடைக்கிறாய். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தரையிலிருந்து மோவாய் வரை அளந்து அனுப்பு. அடுத்த மாசம் பக்கத்து வீட்டுத் தம்பி அங்கே வருகிறான், உனக்கும் ஒரு கம்பு செய்து அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ரெண்டாக அறுத்து, நடுவில் பித்தளைக் குழாய் வைக்கிறேன்.

அப்பா