பலக்கோடு நிறைந்திருந்தும் படம் ஏன் உடைகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டணமின்றிக் கிடைக்கும் டிஜிட்டல் தொலைக்காட்சி ஒளிபரப்பை ஆன்டெனா வைத்துப் பார்க்கும் வாசகர் ஒருவருக்குத் தங்கள் நாளிதழின் கேள்வி-பதில் பகுதியில் அண்மையில் தரப்பட்ட ஆலோசனையைப் படித்தேன். படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி விட்டு விட்டு வருகிறது என்று அவர் எழுதியிருந்தார். ‘சிக்னல் போதவில்லை, நல்ல பூஸ்டர் ஒன்றைப் பொருத்துங்கள்’ என்பது பதில். செட்டாப் பாக்ஸின் திரையில் சிக்னல் பலத்தைக் காட்டும் கோடு 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது என்று அவரே தம் கேள்வியில் குறிப்பிட்டிருந்ததை, பதில் எழுதியவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மேலும் பலம் சேர்க்கச் சொல்வது, இரத்த அழுத்தம் ஏறியிருப்பவருக்கு உப்பைக் கூட்டிக் கொடுப்பது போன்றது. இந்த ஒரு விஷயத்தைச் சற்று விரிவாக விளக்கவே இக்கடிதம்.

தவறு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. நம் கண்கள் அனலாக் காலத்தில் பழகியவை. அப்போது சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளிகள் கூடும். பூச்சி மொய்ப்பது போலிருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தபடியே, ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் திருப்பு என்று மாடியில் நிற்பவருக்குக் கீழிருந்து குரல் கொடுப்போம். உயர்ந்த கட்டடத்தில் பட்டுத் தெறித்து வரும் அலை, ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழலாக விழும். என்ன பழுது, எவ்வளவு பழுது என்பதைப் படமே சொல்லிவிடும். டிஜிட்டலில் படம் வாய் திறக்காது.

காரணம், பிழை திருத்தும் ஏற்பாடு. டிஜிட்டல் ஒளிபரப்பில் படமும் ஒலியும் 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக அடுக்கப்படுகின்றன. தரைவழி ஒளிபரப்புக்கென்று 1997இல் வெளியான டி.வி.பி.-டி தரத்தில், ஒவ்வொரு பொட்டலத்துடனும் 16 பைட் திருத்தத் தகவலைச் சேர்த்து 204 பைட்டாக அனுப்புகிறார்கள்; அதில் எந்த எட்டு பைட் சிதைந்து வந்தாலும் பெட்டி மூலத்தை அப்படியே மீட்டுக்கொள்ளும். இதற்கு முன்பாகவே, பிட் அளவில் இன்னோர் அடுக்குத் திருத்தமும் நடந்து முடிந்திருக்கும். 2009இல் வந்த டி.வி.பி.-டி2 இந்த இரண்டையும் மாற்றி, அவற்றினும் திறன் மிக்க குறியீடுகளைப் புகுத்தியது. பழைய தரத்தில் ‘ஏறத்தாழப் பிழையற்ற நிலை’ என்று வகுத்துள்ள இலக்கு, ஒரு மணி நேரத்தில் திருத்த முடியாத பிழை ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதாகும். ஆகவே சிக்னலின் தரம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே வந்தாலும் பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. ஏரியில் நீர் ஏறுவது கரைக்கு மறுபக்கம் நிற்பவருக்குத் தெரியாது அல்லவா? கரை உடையும்போதுதான் தெரியும். 64-க்யூ.ஏ.எம். என்னும் பண்பேற்றத்தை (அலையில் தகவலை ஏற்றும் முறை) 2/3 என்ற திருத்த விகிதத்துடன், அதாவது மூன்று பங்கில் இரண்டு தகவலும் ஒன்று திருத்தமுமாக, அனுப்பும்போது, சிக்னல் இரைச்சலைவிட (அதனோடு கலந்து வரும் தேவையற்ற மின்னதிர்வு) ஏறத்தாழ 17 டெசிபெல், அதாவது சுமார் 50 மடங்கு, மேலே இருந்தாக வேண்டும். பெட்டியின் சொந்தக் குறைகளுக்காக இன்னும் இரண்டு மூன்று டெசிபெல் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்த எல்லைக்கு ஒரு டெசிபெல் மேலே குறையற்ற படம். ஒரு டெசிபெல் கீழே உறைந்த முகமும் அறுந்த ஒலியும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘இரைச்சலைவிட’ என்பது. சிக்னல் எவ்வளவு என்பது கேள்வியே அன்று. இரைச்சலோடும் குறுக்கீட்டோடும் ஒப்பிட அது எவ்வளவு என்பதே கேள்வி. ஆனால் பெட்டியின் திரையில் முதலில் கண்ணில் படும் பலக்கோடு இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை. அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் டியூனருக்குள் நுழையும் மின்னலையின் அளவுக்கேற்பத் தன் பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சுற்று ஒன்று உள்ளே இருக்கிறது. பல பெட்டிகளில் அந்தச் சுற்றின் நிலையைத்தான் விழுக்காடாக மாற்றிக் காட்டுகிறார்கள். உள்ளே வந்தது நாம் தேடும் ஒளிபரப்பா, வெறும் இரைச்சலா என்று அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, 100 விழுக்காடு என்றால் எத்தனை என்பதற்குப் பொதுவான வரையறையும் இல்லை. ஒரே கேபிளை இரு வேறு பெட்டிகளில் மாற்றிச் சொருகினால் ஒன்று 55 என்றும் மற்றொன்று 80 என்றும் காட்டக்கூடும். அதற்குக் கீழே இருக்கும் ‘தரம்’ என்ற இரண்டாவது கோடுதான் உருப்படியான தகவல், அதுவும் ஓரளவுக்கே.

பூஸ்டர் செய்வது என்ன? தன் வாசலுக்கு வரும் அனைத்தையும் பெருக்குகிறது. சிக்னலோடு சேர்ந்து வந்த இரைச்சலையும் அதே அளவு பெருக்கி, தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்த்துத் தருகிறது. ஆன்டெனா முனையிலேயே கெட்டுவிட்ட விகிதத்தை எந்தப் பூஸ்டராலும் மீட்க முடியாது. வரும் சிக்னல் ஏற்கெனவே வலுவாக இருந்துவிட்டால், அதைவிட மோசமான ஒன்று நடக்கும். பெருக்கி தன் எல்லையைத் தொட்டதும் அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்து, வானில் இல்லாத போலி அலைகளைத் தாமே உண்டாக்கத் தொடங்கும். உள்ளீட்டை ஒரு டெசிபெல் கூட்டினால் இந்தப் போலிகளில் முக்கியமான வகை மூன்று டெசிபெல் ஏறும் என்பது மின்னணுவியலில் பாலபாடம். சிக்னல் ஒரு படி ஏறும்போது குப்பை மூன்று படி ஏறுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது. பல ஆண்டுகளாகக் குறையின்றி வந்த அலைவரிசைகளில் மூன்று, ஒரு மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக உடையத் தொடங்கின. ஆன்டெனாக் கம்பத்தில், எல்லா அதிர்வெண்களையும் ஒருசேரப் பெருக்கும் அகலப்பட்டைப் பூஸ்டர் ஒன்று இருந்தது; பழுது பார்க்க வந்தவர் அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். பலக்கோடு 96-ஐத் தொட்டது. மூன்றோடு இன்னும் இரண்டு அலைவரிசைகள் போயின. பிறகு நானே மாடிக்கு ஏறிச் சுற்றிலும் பார்த்தபோதுதான், எதிர்க் கட்டடத்தின் மேல் புதிதாகக் கைப்பேசிக் கோபுரம் முளைத்திருந்தது கண்ணில் பட்டது. பூஸ்டரை அடியோடு கழற்றிவிட்டுக் கேபிளை நேராக இணைத்தேன். பலம் 62-க்கு இறங்கியது, தரம் 30-லிருந்து 85-க்கு ஏறியது, ஐந்து அலைவரிசைகளும் திரும்பி வந்தன.

இத்தகைய குறுக்கீடு எந்த நாட்டில் இருப்பவருக்கும் நேரக்கூடியது. ஐரோப்பாவில் 470 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை தொலைக்காட்சிக்கென்று இருந்த பட்டையில், முதலில் 790-க்கு மேற்பட்ட பகுதியும் பின்னர் 694-க்கு மேற்பட்ட பகுதியும் கைப்பேசிச் சேவைக்குக் கொடுக்கப்பட்டன. உலகின் பிற பகுதிகளிலும் இதேபோல் நடந்திருக்கிறது. பழைய ஆன்டெனாவும் பழைய பூஸ்டரும் இந்த எல்லை மாற்றத்தை அறியாமல் முழுப் பட்டையையும் வாங்கிப் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே தேவைப்படுவது கைப்பேசி அலைகளைத் தடுக்கும் சிறிய வடிகட்டி. ஒளிபரப்புக் கோபுரத்துக்கு மிக அருகில் குடியிருப்பவருக்கோ, சிக்னலைக் குறைத்துத் தரும் சாதனம்கூடத் தேவைப்படலாம்.

பூஸ்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்.ஜி.-6 வகைக் கேபிள் 30 மீட்டர் ஓடினால், பட்டையின் மேல் பகுதியில் ஏறத்தாழ 6 டெசிபெல், அதாவது சக்தியில் நான்கில் மூன்று பங்கு, கேபிளுக்குள்ளேயே போய்விடும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை அந்த இழப்புக்கு முன்பே, கம்பத்தின் உச்சியில், இரைச்சல் குறைந்த பெருக்கி ஒன்றால் தூக்கிவிடுவது முறையான செயல். அதே பெருக்கியைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தால் பயன் பெரிதும் போய்விடுகிறது. ஏனென்றால், முதல் பெருக்கிக்கு முன்னால் கேபிளில் இழந்த ஒவ்வொரு டெசிபெலும் இரைச்சல் கணக்கில் முழுமையாக ஏறிவிடும். கடைகளில் அதிகம் விற்பது பெட்டிக்குப் பின்னால் வைக்கும் வகைதான் என்பது வேறு கதை.

உண்மையில் நான் திறந்து பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை கேபிளின் முனையில்தான் இருந்தன. கனெக்டரைத் திருகிக் கழற்றினால், பின்னலாக இருக்க வேண்டிய வெளிக்கம்பி கறுத்து உதிரும். செப்புப் பூச்சு போட்ட நடுக்கம்பியில் பச்சை பூத்திருக்கும். விரலால் வழித்தால் ஈரம் ஒட்டும். ஒரு சாண் கேபிளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கனெக்டர் போட்டு, கேபிள் கம்பத்திலிருந்து இறங்கும் இடத்தில் நீர் சொட்டிப் போக ஒரு வளைவு விட்டால், அத்துடன் தீர்ந்துவிடும் தொல்லைக்காக ‘டிஜிட்டல் ஆன்டெனா’ வாங்கியவர்கள் உண்டு. ஆன்டெனாவில் டிஜிட்டல், அனலாக் என்ற பேதம் கிடையாது. பட்டையும், அலை கிடைமட்டமா செங்குத்தா என்பதும் பொருந்தினால் போதும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டி.வி.பி.-டியின் 8கே முறையில் (படத்தின் கூர்மையைக் குறிக்கும் 8கே அன்று) தகவல் ஒரே அலையில் வராமல் 6,817 துணையலைகளாகப் பிரிந்து வருகிறது. ஒரு தடவையில் அனுப்பப்படும் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் முன்னால் விடப்படும் பாதுகாப்பு இடைவெளி 224 மைக்ரோ விநாடி வரை நீளக்கூடும். அந்த நேரத்தில் ரேடியோ அலை 67 கிலோமீட்டர் கடந்துவிடும். அவ்வளவு கூடுதல் தூரம் சுற்றி வந்த எதிரொலியைக்கூடப் பெட்டி தாங்கிக்கொள்கிறது என்பதால்தான், பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே நிகழ்ச்சியை ஒளிபரப்ப முடிகிறது. ஆனாலும் நேராக வந்த அலையும் தெறித்து வந்த அலையும் சில துணையலைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அந்தப் பள்ளங்களை நிரப்புவதிலேயே திருத்தக் குறியீட்டின் வலு செலவாகிவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர்தான். ஆகவே ஆன்டெனாவை இன்னும் உயரத் தூக்குவதைக் காட்டிலும், பக்கவாட்டில் இரண்டு சாண் நகர்த்திப் பார்ப்பதே பல இடங்களில் கை கொடுக்கிறது. பலக்கோடு அசையாமல் நிற்க, தரக்கோடு மட்டும் விறுவிறுவென ஏறுவதை அப்போது பார்க்கலாம்.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இந்த உண்மை இன்னும் எளிதாக விளங்கும். டிஷ்ஷை வெற்று வானத்தை நோக்கித் திருப்பினாலும் பலக்கோடு கணிசமாக எரியும். டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்.என்.பி. என்னும் பெருக்கி தன் இரைச்சலையே பெருக்கி அனுப்பிக்கொண்டிருப்பதுதான் காரணம். தரக்கோடு அப்போது சுழியத்தில் கிடக்கும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளிலிருந்து வரும் கே.யூ. என்னும் உயர் அதிர்வெண் பட்டை அலையைக் கனமழை உறிஞ்சும்போதும் இதே கதைதான். மழைத்துளிகள் சிக்னலைக் குறைப்பதோடு நில்லாமல் தம் வெப்பத்தால் இரைச்சலையும் கூட்டுகின்றன. அதனால் பலம் பெயரளவுக்கே இறங்கியிருக்க, படம் முற்றிலும் போய்விடும்.

இவ்வளவுக்கும் தீர்வு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். சிக்னலைப் பிரித்தெடுக்கும் சிப்புக்குச் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் தெரியும், திருத்துவதற்கு முன் எத்தனை பிழை வந்தது என்பதும் தெரியும். அவற்றைக் கணக்கிடாமல் அது வேலை செய்யவே முடியாது. சில பெட்டிகள் அந்த எண்களைக் காட்டவும் செய்கின்றன. மற்றவற்றில் வண்ணக் கோடு இரண்டு மட்டும் கண்ணில் படுகின்றன. விகிதத்தை டெசிபெலிலும் பிழை அளவை எண்ணிலும் திரையில் காட்டும்படி எல்லாத் தயாரிப்பாளர்களையும் தர நிர்ணய அமைப்புகள் கட்டாயப்படுத்த வேண்டும். ஒளிபரப்பாளர்களும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் அதிர்வெண், அலை கிடைமட்டமா செங்குத்தா என்பது, பண்பேற்ற முறை ஆகியவற்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எல்லைக்கு எத்தனை டெசிபெல் மேலே நிற்கிறோம் என்பது தெரிந்துவிட்டால், மழைக்கு முன்பே மாடிக்கு ஏறலாம்.

தங்கள் கேள்வி-பதில் பகுதியில் அந்த வாசகருக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அவர் இன்னும் பூஸ்டர் வாங்கியிருக்கவில்லை என்றால், முதலில் கனெக்டரைக் கழற்றி நடுக்கம்பியில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாங்கி மாட்டிவிட்டார் என்றால், அதைக் கழற்றிவிட்டு இரண்டாவது கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்