வான் பிடிச்சாச்சு, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பெப்ரவரியில் நாங்கள் எல்லோரும் டொமினிக்கன் குடியரசின் புந்தா கானாவில் இறங்கி, விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போக நான் வான் பிடித்தது பற்றி நேற்று ரெலிபோனில் நீ கேட்டாய், "பக்கேஜோட பஸ் சேர்ந்துதானே வருது, பிறகேன் தனியா வான்?" என்று. நான் வாய் திறக்கச் சின்னவள் அழத் தொடங்கினாள், நீ வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால், என்ர குரல் பதிவுகளை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாய் என்று தம்பி சொல்லிவிட்டான். எழுத்தை அப்படி ஓடவிட ஏலாது. இருந்து ஆறுதலாக வாசி.

முதலில் அந்தப் பஸ் கதை. 2016இல் எங்கட முப்பதாவது கலியாண நாளுக்கு நீயும் தம்பியும் காசு சேர்த்து எங்களைப் புந்தா கானாவுக்கு அனுப்பினீர்கள். திரும்பி வந்து அம்மா "நல்ல சோக்கா இருந்தது" என்றாள். அவள் உங்களுக்குச் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். இரவு ஒன்பதேகாலுக்கு விமானம் இறங்கியது. பஸ்ஸில் ஏறி இருந்தோம். யாரோ ஒரு சோடியின் பெட்டி வரவில்லை. அவர்கள் உள்ளே படிவம் நிரப்பி முடிக்கும் வரைக்கும் நாற்பது பேரும் பஸ்ஸுக்குள் காவல். பத்தரைக்கு வெளிக்கிட்டது. மொத்தம் பதினொரு ஹோட்டல். ஒவ்வொன்றுக்கும் பெரிய வீதியிலிருந்து திரும்பி, கேற்றில் காவலாளிக்குப் பெயர் சொல்லி, வாசல் மட்டும் வளைந்து போய், பெட்டி இறக்கி, பிறகு அதே வளைவால் திரும்பி வரவேணும். எங்கடது கடைசி ஹோட்டல். நேரே போனால் முக்கால் மணித்தியால ஓட்டம். நாங்கள் போய்ச் சேர ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஏழாவது ஹோட்டலடியில் அம்மாவுக்குத் தலை சுற்றிச் சத்தி வந்தது. என்ர தொப்பியைத்தான் கொடுத்தேன். (அந்தத் தொப்பி துலைந்துவிட்டது என்று உங்களுக்குச் சொன்னோம்.) ஹோட்டலில் குசினி பூட்டியாயிற்று. கைப்பையில் கிடந்த மாரி பிஸ்கற்றைத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

சாரதியில் பிழை இல்லை. பஸ் என்றால் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேர் என்பதால் தாங்கிக்கொண்டோம். இந்த முறை ஏழு பேர். மாமிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஐந்து மாதம்தான். சின்னவளுக்கு எட்டு மாதம். கல்கரியிலிருந்து ஏழு மணித்தியாலம் பறந்து வந்த பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிப் பதினொரு ஹோட்டல் காட்ட நான் விடமாட்டேன்.

"பிரைவேற் ட்ரான்ஸ்பர்" என்று நீ சொன்னவுடன் அம்மா ஏதோ பெரிய இடத்து ஆட்களின் விசயம் என்று பயந்துவிட்டாள். எங்கட பாசையில் அது வான் பிடிக்கிறது, அவ்வளவுதான். 2003 உனக்கு ஞாபகம் இருக்கும், பத்து வயது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்த அடுத்த வருசம். பெரியம்மா ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்து, ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, எங்களைக் கூட்டிப்போக வந்தார்கள். நாங்கள் நாலு பேர். கூப்பிட வந்தது பன்னிரண்டு பேர். திரும்பும்போது நீ பெட்டிக்கு மேல் இருந்து யாழ்ப்பாணம் மட்டும் வந்தாய். அதுவும் பிரைவேற் ட்ரான்ஸ்பர்தான். இந்த முறை அந்தப் பிழை வராமல் ஆட்களை எண்ணி, பெட்டிகளை எண்ணி, தள்ளுவண்டியையும் எண்ணித்தான் வான் சொல்லியிருக்கிறேன். விலை வாகனத்துக்குத்தான், தலைக்கு இல்லை. போக வர இரண்டுக்கும் 140 அமெரிக்க டொலர். நீ அனுப்பவேண்டாம். இது எங்கட நாற்பதாவது கலியாண நாள். வான் என்ர கணக்கு.

எப்படித் தேடினேன் என்று கேட்டாயே. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இருபத்திமூன்று வருசம் லிமோ ஓடினவன் நான், எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன். மூன்று கம்பனிகளுக்கு ஒரே கேள்வியை எழுதினேன்: "விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தினால் என்ன செய்வீர்கள்?" ஒருவர் பதிலுக்கு விலைப்பட்டியலை அனுப்பினார். இன்னொருவர் "நோ ப்ராப்ளம் மை ஃப்ரெண்ட்" என்றார். தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், யோசிக்கவில்லை என்று. மூன்றாவது ஆள் எழுதினது: விமான இலக்கத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம், கணக்கு இறங்கின நேரத்திலிருந்துதான், முதல் ஒரு மணித்தியாலத்துக்குக் காசு இல்லை, பிறகு இவ்வளவு, நடுச்சாமம் தாண்டினால் சாரதி மாறுவார், மாறினால் புதுச் சாரதியின் படமும் வான் இலக்கமும் வாட்ஸ்அப்பில் வரும். மற்ற இரண்டையும்விடப் பதினைந்து டொலர் கூட. அவரைத்தான் பிடித்தேன்.

வானுக்கு 140 டொலரோ என்று மருமகன் கேட்பார். சொல்லு, வானுக்கு இல்லை, ஒருவன் அங்கே காத்து நிற்கிறதுக்கு. ஓடுகிறது முக்கால் மணித்தியாலம். நிற்கிறது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 2014 ஜனவரிக் குளிரில் பியர்சனில் தரை வேலையை நிறுத்தினார்களே, அன்று வருகிறவரின் பெயர் எழுதின ஒரு பலகையோடு ஐந்து மணித்தியாலம் நின்றேன். வந்தவர் பெட்டியைத் தள்ளிவிட்டுப் பின்சீற்றில் ஏறி ஒரு சொல் பேசாமல் வந்தார். இன்னொரு நாள் வின்னிபெக்கிலிருந்து ஒரு வயதான அம்மா. பலகைக்குக் கிட்ட வந்து, தன் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, நான்தான்" என்றா. தவறாய் வேறு யாருக்கோ நிற்கிறேனோ என்று பயந்தாவாம்.

பலகை என்றவுடன் ஒரு சிக்கல். கம்பனிக்காரர் குடும்பப் பெயர் கேட்டார். நான் பாஸ்போட்டுகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். உனக்கும் அம்மாவுக்கும் பின்னால் என்ர பெயர். எனக்குப் பின்னால் என்ர ஐயாவின் பெயர். மருமகனுக்கும் மாமிக்கும் சம்பந்தியின் பெயர். பிள்ளைகளுக்கு மருமகனின் பெயர். ஏழு பேருக்கு நாலு கடைசிப் பெயர்! ஸ்பானிய மொழி பேசுகிற ஒருவருக்கு இதை விளங்கப்படுத்த நான் வெளிக்கிடவில்லை. பலகையில் "குட்டான்" என்று போடச் சொல்லிவிட்டேன். பேரனுக்குத் தன் பெயர் எழுத்துகள் தெரியும் என்று நீதானே சொன்னாய், அவன் கண்டுபிடிக்கட்டும். அம்மா சிரிக்கிறாள், ஊரில் பனங்கட்டி வைக்கிற குட்டான் என்று நினைத்து வரப்போகிறார்கள் என்று.

இதில் ஒரு தொழில் ரகசியமும் இருக்கிறது. சுங்கம் தாண்டி வெளியே காலை வைத்தவுடன் ஒரு கூட்டம் நிற்கும். நல்ல வெளுத்த சேட், கழுத்தில் அட்டை. "எந்த ஹோட்டல்? உங்கட வான் போயிட்டுது, நான் கொண்டுபோறன்" என்பார்கள். சிலர் பெட்டியில் தொங்குகிற துண்டைப் பார்த்துப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன் அப்படி ஒருவனோடு போய், தான் முதலே காசு கட்டின பயணத்துக்கு இன்னொரு முறை 90 டொலர் கட்டினவர். அவர் கட்டின வான் வெளியே நின்றுகொண்டுதான் இருந்தது. ஆகவே "குட்டான்" என்று சொல்லாத எவரோடும் நகரவேண்டாம். பெட்டியைக் கேளாமல் தூக்குகிறவர்களும் உண்டு. அவர்கள் விமான நிலையத்துச் சுமையாட்கள், ரிப்ஸ் எதிர்பார்ப்பார்கள். மாமிக்கு ஏலாது என்றால் ஒருவரைப் பிடி, வெட்கப்படாதே, ஒன்றிரண்டு டொலர் கொடு. அங்கத்தைய காசு பேசோ, அமெரிக்க டொலர் ஒன்றுக்கு அறுபது போல. ஆனால் டொலரை எல்லோரும் வாங்குவார்கள். ஒற்றை டொலர்த் தாள்களாக வங்கியில் மாற்றி வை. கனடாச் சில்லறை கொடுக்காதே, அதை அவர்கள் எங்கேயும் மாற்ற ஏலாது.

பிள்ளைகளின் கார் சீற். கம்பனிக்காரர் இரண்டும் தருகிறோம் என்றார். நான் படம் கேட்டேன். பெரியவனுக்கானது பரவாயில்லை. சின்னவளுக்கென்று அனுப்பினது முன்பக்கம் பார்க்கிற சீற். எட்டு மாதக் குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கவேணும், உனக்குத் தெரியும். உங்கட சீற்றையே கொண்டு வா. எங்கட விமானக் கம்பனிகள் அதற்குத் தனிக் காசு எடுப்பதில்லை. வானின் பின்சீற்றில் தோளுக்கு மேலால் வருகிற பெல்ற் இருக்கிறதா என்றும் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்கிறேன். இந்த விசயத்தில் மட்டும் மருமகன் "கொஞ்சத் தூரம்தானே மாமா" என்று சொன்னால் நான் கேட்கமாட்டேன்.

ஹோட்டலின் பெயரை முழுதாக அனுப்பு. கடைசிச் சொல்லையும் விடாமல். அந்தக் கரையில் ஒரே கம்பனியின் மூன்று நாலு ஹோட்டல்கள் ஒட்டி ஒட்டி நிற்கும், பெயரில் வாலில் மட்டும்தான் வித்தியாசம். எங்கடது பாவரோவில் இல்லை, வடக்கே உவேரோ ஆல்தோவில். இதைச் சரியாகச் சொல்லாவிட்டால் விலையும் பிழை, நேரமும் பிழை.

நேரம் என்றதால் ஒன்று. பெப்ரவரியில் அங்கே ரொறன்ரோவைவிட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, கல்கரியைவிட மூன்று. அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவதே இல்லை. திரும்பி வரும் நாள் வான் எத்தனை மணிக்கு என்று கேட்டால் அங்கத்தைய நேரத்தைத்தான் சொல்லவேணும். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன், ஓட்டத்துக்கு முக்கால், ஹோட்டல் கணக்கு முடிக்க அரை. உன்ர வழக்கத்துக்கு இன்னும் ஒரு அரை சேர்த்திருக்கிறேன், கோபிக்காதே.

அந்த நாட்டுக்கு ஈ-டிக்கெற் என்று ஒரு படிவம் இருக்கிறது. விமான ரிக்கெற் இல்லை, குடிவரவும் சுங்கமும் சேர்ந்தது. போகவும் வேணும், வரவும் வேணும். நிரப்பினால் கட்டம் கட்டமான ஒரு குறி வரும், போனில் படம் எடுத்து வை. அரசாங்கப் பக்கத்தில் அது இலவசம். காசு கேட்கிற பக்கம் வந்தால் மூடிவிடு. முன்னர் இறங்கின இடத்தில் வரிசையில் நின்று பத்து டொலருக்கு ஒரு சுற்றுலா அட்டை வாங்கவேணும். 2018இலிருந்து அது விமான ரிக்கெற்றுக்குள்ளேயே வருகிறது, ஒருவருக்கும் அதற்கென்று காசு நீட்டாதே.

அந்த விமான நிலையத்தை மட்டும் குட்டானுக்கு வடிவாகக் காட்டு. கூரை கண்ணாடியோ இரும்போ இல்லை, ஓலை! கானா என்பது அங்கத்தைய ஒரு பனைச் சாதி, ஊரின் பெயரே அதிலிருந்துதான். 1969இல் நியூயோர்க் வக்கீல் தியடோர் கீலும் பிராங்க் ரைனியேரி என்கிற அந்நாட்டு இளைஞரும் சேர்ந்த கூட்டமொன்று அந்தக் காட்டுக்கரையை வாங்கியது. வீதியே ஒழுங்காக இல்லாத இடம். ஆட்கள் வந்து சேர வழி இல்லாமல் ஹோட்டல் கட்டி என்ன செய்வது? விமான நிலையத்தையும் தாங்களே கட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் திறந்தது, இன்றைக்கும் தனியார் சொத்துத்தான். போன முறை பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க அந்தக் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரிச்சும் கட்டும் ஐயா வேய்ந்த எங்கட தலைவாசலைப் போலவே. அம்மா சத்தி எடுக்க முந்தி நடந்த ஒரே நல்ல விசயம் அது.

கடைசியாக, எங்கட விமானம் மூன்றே முக்காலுக்கு இறங்கும், உங்கடது ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க. இரண்டு மணித்தியாலத்துக்காக இரண்டு வான் வேண்டாம். நீ "நீங்கள் முன்னுக்குப் போங்கோ அப்பா" என்று சொல்லுவாய் என்று தெரியும். போகமாட்டோம். அம்மாவை எங்கேயாவது நிழலில் இருத்திவிட்டு நான் வாசலுக்கு வந்துவிடுவேன். சாரதி பாவம், அவரும் கொஞ்சம் இருக்கட்டும். பலகையை நான் வாங்கிப் பிடிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு: மாமியின் மருந்துகளைக் கைப்பையில் வை, பெட்டியில் வேண்டாம். மாரி பிஸ்கற் நான் கொண்டுவருகிறேன். அம்மா புதுத் தொப்பி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாள்.