அம்மாமாரைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்த பெண்பிள்ளைகளுக்கு

தம்பிலுவில்

அன்புள்ள பிள்ளைகளே,

போன கிழமை நடந்த சுகவனிதையர் கிளினிக்குக்கு இவ்வளவு அம்மாமார் வருவார்கள் என்று நாங்கள் நினைக்கவேயில்லை. மாதர் சங்கத்தில் இருந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். "ஓம், பாப்பம்" என்ற பதில்தான் கிடைத்தது. நீங்கள் சொன்ன பிறகுதான் வந்தார்கள். அதற்குத்தான் இந்த மடல்.

இந்தக் கிளினிக் இலங்கையில் 1996இல் தொடங்கியது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் போய் பிரஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்த்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். காசு கட்டத் தேவையில்லை. ஊரில் யாருக்கும் தெரியாத சங்கதியில்லை இது. ஆனால் அடுப்பை யார் பார்ப்பது? வெட்கம் வேறு.

உங்களில் ஒருத்தி தாயிடம் சொன்னாளாம்: "எனக்கு ஆறாம் ஆண்டில எச்.பி.வி. ஊசி ரெண்டும் போட்டாச்சு. உங்கட காலத்தில அது இல்ல. அப்ப நீங்கதானேம்மா போகணும்?" கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் காக்கிற அந்த ஊசி பள்ளிக்கூடங்களுக்கு வந்ததே 2017இல்தான். நாங்கள் மணிக்கணக்காகப் பேசியும் விளங்காதது இந்த ஒரு பேச்சில் விளங்கியிருக்கிறது. சொன்னதோடு விடாமல் அன்றைக்குச் சோறு கறியும் அவளே ஆக்கினாள். புத்தி சொல்ல ஊரில் ஆள் குறைவில்லை, உலை வைக்கத்தான் ஆளில்லை.

இன்னொருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தாய்க்கு மாதவிடாய் நின்று போன பிறகும் இடைக்கிடை இரத்தம் படுகிறதாம். அதை வாயால் சொல்லத் தாய்க்குக் கூச்சம். மகள் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து, எப்போதிருந்து, எத்தனை தடவை என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட்டாள். கிளினிக் மிஸ்ஸி (தாதி) அதை வாசித்துவிட்டு, வேறு யாருக்கும் கேட்காமல் அந்த அம்மாவை நேரே டாக்டரிடம் கூட்டிப் போனார். கட்டாயம் காட்ட வேண்டிய விஷயம் அது.

உங்களைப் பற்றி முறைப்பாடும் வந்திருக்கிறது. "ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல கூடாதாம், கருவாடு பொரிக்க விடுறாளில்ல" என்கிறார் ஒரு அம்மா. "காலையில சாப்பிடாம ஓடுறவள் எனக்குச் சாப்பாட்டைப் பற்றிப் படிப்பிக்கிறாள்" என்கிறார் மற்றவர். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது, பிள்ளைகளே.

குடும்பநல உத்தியோகத்தருக்கும், சுகாதாரப் பாடத்தைப் புத்தகத்தோடு நிறுத்தாத ரீச்சருக்கும், காசு வாங்காமல் ஏற்றி இறக்கிய ஆட்டோத் தம்பிமாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பப் பரிசோதனை முடிவு வரச் சில கிழமை எடுக்கும். கிளினிக்குக்கு வந்த அம்மாமார் முடிவை வாங்க வராமல் விட்டுவிடுவார்கள் என்று மிஸ்ஸி கவலைப்படுகிறார். அதையும் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
மாதர் சங்கத்தின் சார்பில்