இன்றைய காற்றும் போன வாரக் காற்றும்

அன்புள்ள சுந்தரம்,

நலம். உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு உடம்பைச் சோம்ப விடக் கூடாது என்று நீ எடுத்திருக்கும் முடிவும், வருகிற குளிர்காலத்தில் உன் மனைவியோடு சேர்ந்து பனி மூடிய மலைப்பாதைகளில் நடக்கத் திட்டமிட்டிருப்பதும் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தன. இங்கே என் கோடைப் பருவம் முடிந்துவிட்டது. பட்டங்களை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, காற்றை வெளியேற்றிச் சுருட்டி வைத்துவிட்டேன். கயிறுகளைக் கையால் உருவிப் பார்த்து, தேய்ந்திருந்த ஒன்றை மாற்றுவதற்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பனிக்கோடாரியும், பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முட்தகடான கிராம்பானும் வெளியே வந்துவிட்டன. ஒரு பருவத்தின் கருவிகள் உள்ளே போய் மறு பருவத்தின் கருவிகள் வெளியே வரும் இந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்தமானவை.

உன் கடிதத்தில் ஓரிடத்தில் மட்டும் நெடுநேரம் நின்றுவிட்டேன். பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட்சர்ஃபிங் இந்த வயதில் எனக்கு வேண்டாத விபரீதம் என்றும், மலைநடை அமைதியான பொழுதுபோக்கு என்பதால் இனி அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றும் எழுதியிருக்கிறாய். அதிலுள்ள அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதைவிட, அப்படியொரு எண்ணத்தோடு நீ குளிர்கால மலைக்குப் போவது எனக்குக் கவலை தருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் நீள்கிறது. இரண்டு இடத்திலும் நாம் எதிர்கொள்வது காற்றைத்தான். கடலில் அது நம் கண்ணெதிரே, இந்த நிமிடத்தில், தன்னை முழுதாகக் காட்டிக்கொள்கிறது. மலையிலோ நம்மை வீழ்த்தக்கூடிய காற்று போன வாரமே அடித்து ஓய்ந்திருக்கும். அது செய்துவிட்டுப் போன வேலையின் மேல்தான் நாம் கால் வைக்கிறோம்.

முதலில் கடலைச் சொல்கிறேன். கோடை நாளில் கரையில் நிற்பவனுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகலில் உச்சம் தொட்டு, பொழுது சாயும்போது அது அடங்கும். அதன் வேகத்தை அறிய நீரின் முகத்தைப் பார்த்தாலே போதும். 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் வகுத்த அளவுகோல்தான் இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது: அலைமுகடுகளில் வெண்நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட், அடிக்கடி தெரிந்தால் 11 முதல் 16 நாட், எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால் 17-ஐத் தாண்டிவிட்டது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

வேகத்தைவிட முக்கியம் திசை. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் நான் ஒருபோதும் இறங்குவதில்லை. பட்டம் விழுந்துவிட்டால் அது ஆளைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டே போகும்; மரங்களையும் கட்டடங்களையும் தாண்டி வருவதால் சீராகவும் இருக்காது. கடலிலிருந்து நேரே கரையை நோக்கி அறையும் காற்றும் நல்லதல்ல, ஏனென்றால் அது நம்மைத் திடமான பொருள்களின் மேல் கொண்டு தள்ளும். கரைக்கு இணையாக, அல்லது இணையாக வந்து சற்றே உள்நோக்கிச் சாயும் காற்றுதான் நமக்கு உகந்தது.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைப் பள்ளியில் படித்தோம். அதன் பொருளை நான் உடம்பால் அறிந்தது பட்டத்தின் கீழ்தான். 12 நாட் காற்று 17 நாட் ஆனால் வெறும் 5 கூடியது போலத் தோன்றும், ஆனால் இழுப்பு இரு மடங்காகிவிடும். ஆகவே காற்று ஏற ஏறச் சிறிய பட்டத்துக்கு மாறுகிறோம். இன்னொன்றையும் கவனி. பட்டம் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது இழுப்பு குறைவு. காற்று போகும் திசையில் நமக்கு நேர் முன்னே தாழ்ந்து பாயும்போதுதான் முழு வலுவும் வரும். இந்த இரண்டுக்கும் இடையில் பட்டத்தை எங்கே வைப்பது என்பதே இந்தக் கலையின் பெரும்பகுதி. வயதைப் பற்றி நீ கேட்டாய் அல்லவா? இழுப்பைத் தாங்குவது கைகள் அல்ல, இடுப்பில் கட்டிய ஹார்னஸ்தான். கைகள் திசையை மட்டுமே காட்டுகின்றன. செங்குத்தான மலையிறக்கம் என் முழங்கால்களிடம் கேட்பதைவிடக் கடல் குறைவாகத்தான் கேட்கிறது.

இப்படியொரு விளையாட்டு பிறந்ததற்குக் காரணமே விழுந்த பட்டத்தை மீண்டும் எழுப்புவது எப்படி என்ற கேள்விதான். பிரான்சைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகேன்யூ என்ற சகோதரர்கள் முன் விளிம்பில் காற்றடைத்த குழாய் கொண்ட வளைந்த பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரினார்கள். குழாயில் காற்று இருப்பதால் அது மூழ்காமல் மிதக்கும். தண்ணீரில் விழுந்தாலும் கயிற்றை இழுத்து மறுபடி மேலேற்றலாம். அங்கிருந்து கிளம்பிய விளையாட்டு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் முதல்முறையாகப் பதக்கப் போட்டியாக நடந்தது. அந்தச் சகோதரர்களின் முதல் பட்டத்துக்குப் பிறகு வந்த மாற்றங்களில் பாதுகாப்புக்கானவையே பெரியவை என்று நான் கருதுகிறேன். பிடிதண்டை முன்னே தள்ளினால் பட்டம் காற்றைப் பிடிக்கும் கோணம் குறைந்து இழுப்புத் தளர்கிறது. அதுவும் போதாதபோது மார்புக்குக் கீழே உள்ள விடுவிப்பானைத் தள்ளினால் பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி வலுவிழக்கிறது. ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, அதை நிறுத்தும் பொறி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடலை நான் நம்புவதற்கு இதுவே அடிப்படை. இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆசிரியர் இல்லாமல் இதைக் கற்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இடிமேகம் எழுவதைக் கண்ட பிறகு நீரில் இருக்க எந்த அனுபவசாலிக்கும் உரிமை இல்லை.

இனி மலை. பனிக்காலத்தில் முகட்டின் ஒரு பக்கத்தில் அடிக்கும் காற்று, அங்குள்ள பனியைச் சுரண்டி எடுத்து, உச்சியைத் தாண்டி மறுபக்கத்தில், அதாவது காற்றுக்கு மறைவான பக்கத்தில், கொட்டுகிறது. வானத்திலிருந்து ஒரு செதில்கூட விழாத தெளிந்த நாளிலும் இந்த வேலை நடக்கும். பனிப்பொழிவு சேர்ப்பதைப் போலப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்றால் மறைவுப் பக்கத்தில் பனியைக் குவிக்க முடியும். போகும் வழியில் பனிச் செதில்கள் நொறுங்கிப் பொடியாகின்றன. பொடியானவை நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பாளமாக இறுகுகின்றன. அதன் அடியில், முன்பே விழுந்து பிணைப்பில்லாமல் கிடக்கும் தளர்ந்த அடுக்கு ஒன்று இருந்தால், அந்தப் பாளம் கோலிக்குண்டுகள் மேல் சாய்த்து வைத்த பலகையைப் போலக் காத்திருக்கும். அதைக் கிளப்ப ஒரு மனிதனின் எடை போதும். இப்படிப் பனி பெயர்ந்து பாய்வதுதான் பனிச்சரிவு; அதில் சிக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர், தாமோ தம்மோடு வந்தவரோ கால் வைத்துக் கிளப்பிய பனிச்சரிவில்தான் சிக்குகிறார்கள். அந்த நேரத்தில் வானம் நீலமாக இருக்கலாம், இலைகூட அசையாமல் இருக்கலாம். நீ அமைதி என்று எழுதியது இந்த நாளைத்தான்.

காற்று எதையும் தடயமின்றிச் செய்வதில்லை என்பது நமக்கிருக்கும் நல்வாய்ப்பு. பாறையிலும் கம்பத்திலும் இறகு இறகாக ஒட்டிய உறைபனியைப் பார். அது காற்று வந்த திசையை நோக்கியே வளர்ந்திருக்கும். அடிவாங்கிய பக்கத்தில் பனியின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு வரிவரியாக இருக்கும். அந்த வரிகளின் செங்குத்து முனைகளும் காற்று வந்த திசையையே காட்டும். முகட்டின் விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனித்தாழ்வாரம் மறைவுப் பக்கத்தில்தான் தொங்கும். அதன் மேல் நிற்பவன் காலடியில் மலை இல்லை, வெறும் பனிதான் இருக்கிறது. மறைவுப் பக்கத்தில் மழமழவென்று உப்பிய பனியைக் கண்டால் அழகு என்று ரசித்துவிட்டு விலகிப் போ. கால் வைத்ததும் அடியில் எங்கோ பனி அமுங்குவது போன்ற கனத்த ஒலி கேட்டாலோ, காலிலிருந்து விரிசல் ஓடினாலோ, மலை உன்னிடம் நேரடியாகவே பேசிவிட்டது என்று கொள். வந்த தடத்திலேயே திரும்பு.

சரிவின் கோணத்தை அளக்கப் பழகிக்கொள் என்று உன்னை வற்புறுத்துகிறேன். பாளமாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் நிகழ்கின்றன. எனவே 30 பாகைக்குக் குறைந்த, மேலே செங்குத்துச் சரிவுகள் இல்லாத பாதையைத் தேர்ந்தெடுத்தால் ஆபத்தின் பெரும்பகுதியை வரைபடத்தின் முன் அமர்ந்தே தவிர்த்துவிடலாம். பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கைகளில் 1 முதல் 5 வரை நிலைகள் தரப்படும். 3 என்பதை நடுவில் உள்ள மிதமான எண் என்று பலர் எடுத்துக்கொள்வதை நான் கவலையோடு கவனித்து வருகிறேன். ஒவ்வொரு நிலைக்கும் ஆபத்து படிப்படியாக அல்ல, பன்மடங்காக ஏறுகிறது; 3 என்றால் செங்குத்துச் சரிவுகளைத் தொடக் கூடாது என்றே நான் பொருள் கொள்கிறேன். புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், தோண்ட மண்வாரி ஆகியவை ஆளுக்கொன்று இருக்கட்டும்; இருவரும் அவற்றைக் கையாண்டு பழகுங்கள். பனிக்குள் புதைந்தவரை மீட்க முதல் கால் மணி நேரத்துக்குள் உடன் வந்தவர்தான் தோண்ட வேண்டும், வெளியிலிருந்து உதவி அதற்குள் வந்து சேராது.

இன்றைய காற்றையும் மலையில் மறந்துவிட முடியாது. 1940-களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில் பால் சைபிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் சிறு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் நிரப்பித் திறந்த வெளியில் தொங்கவிட்டு, வெவ்வேறு காற்றில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். காற்றுக்குளிர் என்று இன்று வானிலை அறிக்கைகளில் வரும் எண் அங்கிருந்து வந்தது. 2001-இல் மனித முகங்களில் சோதித்து அதைத் திருத்தினார்கள். அந்தக் கணக்குப்படி, வெப்பநிலை −10 பாகை செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது −20 பாகைபோல உறைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது 16 நாட். கோடையில் நான் கரையில் காத்திருந்து வரவேற்கும் அதே காற்று! ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக 6.5 பாகை குறையும் என்பதையும், முகடுகளிலும் கணவாய்களிலும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடிவாரத்தில் கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்பவர் உச்சியில் எதைச் சந்திக்கப் போகிறார் என்பது புரியும்.

ஆடைகளைப் பற்றி உன் மனைவி கேட்டிருந்தார். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம், நனைந்தால் உலராது. கம்பளியோ செயற்கை இழையோ போதும். மேலே காற்றுப் புகாத ஓர் அடுக்கும், மாற்றுக் கையுறையும் கட்டாயம். தண்ணீர்க் குப்பியைத் தலைகீழாக வைத்தால் வாய்ப்பகுதி உறையாது. நேரத்துக்கு, 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் சொன்ன கணக்கைப் பயன்படுத்துகிறேன்: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஆழ்ந்த பனியில் அதை இரட்டித்துக்கொண்டு, வெளிச்சம் மறைவதற்கு வெகு முன்னதாகவே இறங்கிவிடும்படி திட்டமிடுவேன்.

இவ்வளவையும் எழுதியதால் மலையிலிருந்து உன்னை விலக்கப் பார்க்கிறேன் என்று எண்ணிவிடாதே. பனி மூடிய முகட்டில் தெளிந்த காலையில் நடப்பதற்கு ஈடான மகிழ்ச்சி எனக்குக் கடலில்கூட அபூர்வமாகவே கிடைத்திருக்கிறது. பட்டத்தின் கீழே எனக்குக் கிடைப்பது வேறு வகை: பலகையின் விளிம்பைச் சாய்த்து நீரை அழுத்திக் காற்றுக்கு எதிராகச் சிறிது சிறிதாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்போது மனத்தில் வேறு எந்த நினைவுக்கும் இடமிருக்காது. மலையில் நினைப்பதற்கு நேரம் ஏராளம். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள் என்கிறாயே, கோடை முழுதும் காற்றை உடம்பால் உணர்ந்து பழகியிருக்காவிட்டால், குளிர்காலத்தில் அது விட்டுச்சென்ற தடயங்களை நான் இவ்வளவு ஆவலோடு தேடியிருக்கவே மாட்டேன். ஆகவே இரண்டையும் தொடரவே எண்ணுகிறேன். வருகிற கோடையில் நீயும் வந்து, நீரில் இறங்காமல், கரையில் நின்று சிறிய பயிற்சிப் பட்டத்தை மட்டுமாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்கு முன், நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பாதையின் வரைபடத்தை எனக்கு அனுப்பு. சமவுயரக் கோடுகள் எங்கே நெருங்குகின்றன, சரிவுகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று நானும் பார்க்கிறேன். புறப்படும் நாளுக்கு முந்தைய ஒரு வாரம் அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வீசியது என்பதை நாள்தோறும் குறித்துவைத்து, புறப்படுவதற்கு முதல் நாள் மாலை எனக்கு எழுது. இருவரும் சேர்ந்து முடிவெடுப்போம்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரகு