செய்கூலி வாங்கியவர்கள் வேலைக்குப் பொறுப்பேற்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அட்சய திருதியை அன்று என் மகளுக்கு 2 பவுனில் ஒரு சங்கிலி எடுத்தோம். கும்பகோணத்தில் பெரிய கடைதான். டோக்கன் வாங்கி, கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கொண்டுபோன பணத்துக்குள் அடங்குகிற மாதிரி பார்த்துப் பார்த்து எடுத்த சங்கிலி அது. சேதாரம் 14 சதவீதம் போட்டார்கள், செய்கூலியும் அதிலேயே அடக்கம் என்றார்கள். பில்லோடு ஒரு அட்டையும் கொடுத்து, "ஒரு வருஷத்துக்கு எது வந்தாலும் கொண்டு வாங்கம்மா, இலவசமாப் பார்த்துத் தர்றோம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஆவணியில் ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவளின் கழுத்திலிருந்து சங்கிலி தானாகக் கழன்று மடியில் விழுந்தது. வீட்டிலேயே விழுந்ததால் கைக்குக் கிடைத்தது. இன்னும் அரை மணி நேரம் கழித்து பஸ்ஸில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

மறுநாளே கடைக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த தம்பி சங்கிலியை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இழுத்து அறுந்திருக்கு மேடம், குழந்தை யாராவது இழுத்திருக்கும்" என்றார். எங்கள் வீட்டில் கைக்குழந்தையே இல்லை என்றேன். "அப்போ தூங்கும்போது மாட்டியிருக்கும்" என்றார். லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை, பட்டறைக்கு அனுப்பவில்லை, ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார். மேனேஜரிடம் போனால் அவர் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்தான் வாரன்டி, உபயோகத்தால் ஏற்படும் சேதத்துக்குக் கிடையாது என்று கடுகு மாதிரி எழுத்தில், அதுவும் இங்கிலீஷில் போட்டிருந்தது. சரி, இது எந்த வகை என்று யார் முடிவு செய்வது? அவர்களேதான். அப்படியானால் என்ன காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன், அப்படிக் கொடுக்கும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்.

வேண்டுமானால் இதை எடுத்துக்கொண்டு வேறு சங்கிலி தருகிறோம், சேதாரம் மட்டும் திரும்பக் கட்டுங்கள் என்றார்கள். 16 கிராமுக்கு 14 சதவீதம் என்றால் 2 கிராம் 240 மில்லி. அதை இரண்டாவது தடவையும் கட்டினால் 4 கிராம் 480 மில்லி, அரைப் பவுனைத் தாண்டிப் போகிறது. நாலு மாதம் கழுத்தில் கிடந்த ஒரு சங்கிலிக்கு அரைப் பவுன் சேதாரம் கொடுக்க எங்களைப் போன்ற குடும்பத்தால் எப்படி முடியும்?

அப்புறம்தான் எங்கள் ஊரில் எனக்குக் கல்யாண நகை செய்த பத்தரிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். இழுத்து அறுந்த கண்ணி (சங்கிலி வளையம்) என்றால் நீண்டு கோணியிருக்கும், அறுந்த முனையில் தங்கம் மெலிந்திருக்கும். இந்தக் கண்ணி உருண்டையாக அப்படியே இருக்கிறது, பற்றவைத்த வாய் மட்டும் திறந்திருக்கிறது. அந்த வாயில் ஒரு பாதி பளபளவென்றும் மறுபாதி கறுத்தும் இருந்தது. "பத்தவைக்கிற பொடி பாதிதாம்மா ஓடியிருக்கு, மீதி சும்மா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு" என்றார். அதோடு விடாமல் சங்கிலி முழுக்கத் தடவிப் பார்த்து, இன்னும் மூன்று கண்ணிகளில் இதே மாதிரி மயிரிழை விரிசல் இருப்பதையும் காட்டினார். கொஞ்சம் பணத்தில் ஒட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று என் உறவுக்காரர்களே கேட்கிறார்கள், அவர்களுக்கு என் பதில் அந்த மூன்று கண்ணிகள்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தங்கத்தில் குறையில்லை. நகையில் பொறித்திருக்கிற ஆறு இலக்க ஹெச்யூஐடி எண்ணை (ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கிற அடையாள எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்த்தேன், 916, அதாவது 22 காரட் என்று சரியாக வந்தது. 2023 ஏப்ரல் முதல் இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்று வந்ததால் நம்மைப் போன்றவர்களுக்கு மாற்றில், அதாவது தங்கத்தின் தூய்மையில், ஏமாறுகிற பயம் எவ்வளவோ குறைந்திருக்கிறது, அதை மனதார வரவேற்கிறேன். மாற்று குறைந்திருந்தால் அந்த வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றுகூட பிஐஎஸ் விதியில் இருக்கிறது. ஆனால் ஹால்மார்க் முத்திரை மாற்றுக்கு மட்டும்தான் சாட்சி. கண்ணி ஒழுங்காகப் பற்றியிருக்கிறதா, கொக்கி தாங்குமா என்பதை அது சொல்லாது. அந்த வேலைக்குத்தானே தனியாக இவ்வளவு கூலி கொடுக்கிறோம்? கூலி வாங்கும்போது வேலை அவர்களுடையது, அறுந்தால் மட்டும் தப்பு நம்முடையதா?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். கடையிலிருந்து வந்த பதிலும் அதே ஒரு வரிதான், வாடிக்கையாளர் கையாண்டதால் ஏற்பட்ட சேதம் என்று. நகையை மறுபடி கேட்டு வாங்கிக்கூடப் பார்க்காமல் இதை எப்படி எழுதினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். இதைப் பற்றி விசாரித்தபோது தெரிந்துகொண்டதை, என்னைப் போல அறுந்த நகையை டப்பாவில் போட்டு வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எங்கே இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சும்மா பார்த்துத் தெரியாத குறை என்றால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பில், வாரன்டி அட்டை இரண்டையும் பத்திரமாக வையுங்கள், அறுந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரன்டி நிபந்தனையைத் தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். மறுப்பதாக இருந்தால் யார் பார்த்தார்கள், எதைப் பார்த்து மறுக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

பத்தர் அந்தக் கண்ணியை அப்போதே பற்றவைத்துத் தருகிறேன் என்றார், காசுகூட வேண்டாம் என்றார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திறந்த வாயோடு அப்படியே ஒரு காகித உறையில் போட்டு பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்டுவதற்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம் வட்டம்.