செய்யுள் ஒப்பித்தல் போட்டி: தமிழாசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுப் பள்ளிகளில் ஒப்பித்தல் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியப் பெருமக்களுக்கும், மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும் வணக்கம்.

நம் பிரான்மலைதான் பாரியின் பறம்பு. அவனும் குன்றும் போனபின் அவன் மகள்கள் துயரத்தில் பாடியது புறநானூறு 112. அவன் தோழர் கபிலர் காதலைப் பாடியது குறுந்தொகை 25. இரண்டும் ஐந்தே அடி. மேடையில் இரண்டும் கடைசி இரண்டு அடிகளில்தான் கெடுகின்றன.

புறநானூற்றுப் பாட்டின் நான்காம் அடியில் ‘வென்றெறி முரசின் வேந்தர்எம்’ என்று வந்ததும் பிள்ளைகள் குரலை உயர்த்திக் கையை ஓங்குகிறார்கள். முரசும் வேந்தரும் வந்தால் வீரப்பாட்டு என்று தோன்றிவிடுகிறது. பேசுவதோ தகப்பனைப் பறிகொடுத்த பெண்கள். அன்றைய நிலவைச் சொல்லும்போது தந்தை முன்னால், குன்று பின்னால். இன்றைய நிலவில் குன்றை முதலில் சொல்லிவிட்டு, ‘எந்தையும் இலமே’ என்பதைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். பாட்டில் கண்ணீரே கிடையாது. அந்த வரிசை மாற்றம்தான் அழுகை. நான்காம் அடியிலேயே முழங்கிவிட்டால் முடிவுக்குக் குரல் மிஞ்சாது. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, என்பதால் அதில் மூன்றே சீர். ‘எம்’மில் மூச்சு நின்றுபோகும். அந்த வெற்றிடத்தை நிரப்பவேண்டாம்.

இன்னொரு பிழைக்குக் காரணம் அச்சு. சீர் பிரித்துப் போடுவதால் ‘கொண்டார்யாம்’ ஒரே சொல்லாகிவிடுகிறது. குன்றைக் ‘கொண்டார்’ என்பதோடு பகைவர் கதை முடிகிறது; ‘யாம்’ தனியே எழவேண்டும். குறுந்தொகையின் ஈற்றடியிலும் இதே சிக்கல்: ‘குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே’. சேர்த்துச் சொன்னால், சாட்சி நிச்சயமாக உண்டு என்று அடித்துப் பேசுவதுபோல் கேட்கிறது. பாட்டில் பேசும் தலைவியின் பயமே, காதலன் தன்னை மணந்ததற்குச் சாட்சி இல்லை என்பதுதான். இருந்தது ஒரு குருகு, நீர்ப்பறவை. அதுவும் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ‘உண்டு’ என்று நிறுத்தி, பிறகு காதலனைக் குறிக்கும் ‘தான்’.

நோட்டில் பாட்டை இருமுறை எழுதவையுங்கள்: ஒருமுறை சீர் பிரித்து, ஒருமுறை பொருள் பிரித்து. மூச்சுவிடும் இடத்தில் பென்சில் கோடு. முதல் வாரம் கையசைவே வேண்டாம், உட்கார்ந்தே சொல்லட்டும்.

மகிபாலன்பட்டியைப் பூங்குன்றம் என்று பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அவ்வூர்க் கணியன் பூங்குன்றனாரின் ‘யாதும் ஊரே’ பாட்டின் 13 அடியில் மேடையேறுவது முதல் அடி மட்டும். சாவு புதிதல்ல, வாழ்வு இனிதென்று மகிழ்ந்ததும் இல்லை, கல்லில் மோதி இரையும் பேராற்றில் போகும் தெப்பம்போல் உயிர் போகிறது என்று அவர் சொல்வதையெல்லாம் விட்டுவிட்டால், ‘யாதும் ஊரே’ வெறும் வரவேற்பு வாசகம். பதின்மூன்றையும் சொல்ல நேரம் கொடுங்கள். முடியாதென்றால் வேறு பாட்டு வையுங்கள்.

நடுவர்களே, மதிப்பெண் தாளில் ‘நிறுத்தம்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். உடல்மொழிக்குத் தருவதில் பாதியை அதற்கு மாற்றினால் போதும்.

அன்புடன்,
செய்யுள் பயிற்றுவிப்போர் சிலர்,
காரைக்குடி வட்டாரம்