கம்பத்துப் பன்னீர் திராட்சையும் ஒரு கிளாஸ் மொஸ்காட்டோவும்

டாம்பா, ஃபுளோரிடா
20 அக்டோபர் 2019

அன்புள்ள மங்கைக்கு,

உன் குரல் பதிவு வந்து பத்து நாளாகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று நீ சொன்னதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். இவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அண்ணன் உனக்குக் காபி போட்டுத் தருகிறார் என்பதை இவர் இன்னும் நம்பவில்லை!

நானும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் போன புதன்கிழமை நடந்ததை உனக்கு எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதில் உன் அப்பாவும் வருகிறார்.

முதலில் வீட்டுச் செய்தி. கயலுக்கு வேலை அதிகம், ஆனால் சந்தோஷமாக இருக்கிறாள். பேத்திக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், 'ழ' மட்டும் இன்னும் வரவில்லை. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தினமும் காலையில் இரண்டு பேரும் நடக்கிறோம்.

இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போனால் ஆர்லாண்டோ. அங்கே டிஸ்னியின் பூங்காக்களில் எப்காட் என்று ஒன்று. வால்ட் டிஸ்னி அந்த இடத்தில் ஒரு நகரத்தையே கட்ட நினைத்தாராம், மனிதர்கள் குடியிருக்கும் எதிர்கால நகரம். 1966இல் அவர் இறந்துபோனார், நகரம் வரவில்லை. 1982இல் பூங்காவாகத் திறந்தார்கள். அதன் பின்பாதியில் ஒரு பெரிய ஏரி. ஏரியைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என்று பதினொரு நாடுகளின் கட்டடங்கள். முழுவதும் சுற்றி வர இரண்டு கிலோமீட்டர் இருக்கும். மொராக்கோவுக்கு அந்த நாட்டு மன்னரே கைவினைஞர்களை அனுப்பி ஓடு பதிக்க வைத்தாராம். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவு நுணுக்கம்.

1996 முதல் ஒவ்வொரு வருடமும் இங்கே உணவு, ஒயின் திருவிழா நடத்துகிறார்கள். இந்த வருடம் 87 நாள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியது, நவம்பர் 23 வரை நடக்கும். பதினொரு நாடுகளோடு இன்னும் பல நாடுகளின், ஊர்களின் பெயரில் ஏரியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கடைகள் போடுகிறார்கள். பிரேசில், அயர்லாந்து, ஹவாய், இந்தியா என்று. ஒவ்வொரு கடையிலும் இரண்டு மூன்று பதார்த்தம், அந்த ஊர் பீர், அந்த ஊர் ஒயின். எல்லாமே சின்ன அளவுதான். மூன்று நான்கு வாயில் தட்டு காலி. சாப்பிடுவது, நடப்பது, மறுபடி சாப்பிடுவது, இதுதான் அன்றைக்கு முழுக்க எங்கள் வேலை.

நுழையும்போதே பாஸ்போர்ட் மாதிரி ஒரு குட்டிப் புத்தகம் கொடுக்கிறார்கள். எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று அதில் இருக்கும். பேத்தி அதைக் கழுத்துப் பையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு வழிகாட்டியாக முன்னால் நடந்தாள். கயல் கையில் கட்டிக்கொள்கிற சின்னக் கார்டு ஒன்றில் நூறு டாலர் போட்டுக்கொண்டாள். நுழைவுச் சீட்டு வேறு, சாப்பாடு வேறு அல்லவா. ஒரு தட்டுக்கு ஐந்து, ஆறு, ஏழு டாலர் என்று போகும். கார்டில் பணம் தீர்ந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். எனக்கு அது பிடித்திருந்தது. அளவு தெரிந்தபின் ஒவ்வொன்றையும் யோசித்து வாங்கினோம், வாங்கியதை எல்லோரும் பங்கு போட்டோம்.

நீ சைவம் என்பதால் உன் கண்ணோடும் பார்த்துக்கொண்டே போனேன். நார்வேக்காரர்களின் பேக்கரியில் பள்ளிக்கூட ரொட்டி என்று ஒரு பன். அவர்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவார்களாம். பிட்டதும் ஏலக்காய் வாசனை! நடுவில் கஸ்டர்ட், மேலே தேங்காய்த் துருவல். ஏலத்தோட்டத்துக்கு அடிவாரத்தில் பிறந்தவள் நீ. பனிப்பிரதேசத்தில் ஏலக்காய் போட்டு ரொட்டி சுடுகிறார்கள் என்றால் உனக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

பிரேசில் கடையில் பாலாடைக்கட்டி போட்ட குட்டி உருண்டை ரொட்டி. வெளியே மொறுமொறு, உள்ளே இழுபடுகிறது. முட்டை சேர்ப்பார்கள், அதனால் நீ சாப்பிட மாட்டாய். மாவு என்ன என்று நினைக்கிறாய்? மரவள்ளிக்கிழங்கு மாவு. சேலத்து ஜவ்வரிசிக்கு எந்தக் கிழங்கோ அதே கிழங்கு. தென் அமெரிக்காவிலிருந்துதானே அது நம் பக்கம் வந்தது. மதுரையில் நம் விடுதியில் சனிக்கிழமை சாயங்காலம் போடுகிற கிழங்கு வடை ஞாபகம் வந்துவிட்டது.

கனடாக்காரர்கள் செடார் சீஸை உருக்கி ஒரு சூப் வைக்கிறார்கள். அதில் பீரும் ஊற்றித்தான் காய்ச்சுகிறார்களாம், மேலே பன்றி இறைச்சித் துணுக்குகள். அதற்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, அப்படி என்ன இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு கரண்டி குடித்ததும் புரிந்தது. கெட்டியாக, லேசான கசப்போடு, மழை நாளுக்கென்றே செய்த மாதிரி. அன்றைக்கு வெயில் கொளுத்தியது, இருந்தாலும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டோம்.

இந்தியக் கடைக்குப் பேத்திதான் இழுத்துக்கொண்டு போனாள். பலகையில் 'மெட்ராஸ் ரெட் கறி' என்று போட்டிருந்தது. அப்பா பிறந்த ஊர் பெயரில் சாப்பாடு இருக்கிறது என்று அவளுக்கு ஒரே குதூகலம். காலிஃபிளவர், பிஞ்சு கேரட், கொண்டைக்கடலை, பக்கத்தில் பாசுமதிச் சோறு. நன்றாகத்தான் இருந்தது, குறையே இல்லை. ஆனால் நம் வீடுகளில் யாராவது 'இன்றைக்கு மெட்ராஸ் கறி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? வெள்ளைக்காரர்கள் காலத்தில் மெட்ராஸ் கறித்தூள் என்று கப்பலேறிப் போன பெயர் அது. இங்கிலாந்து ஓட்டல்களில் மெட்ராஸ் என்றால் காரம் அதிகம் என்று அர்த்தமாம். நகரம் சென்னை ஆகிவிட்டது, பெயர் இங்கே ஒரு தட்டில் இருக்கிறது. புளி இல்லாத குழம்பாக இருந்தாலும், இத்தனை ஆயிரம் மைல் தள்ளி அந்தப் பலகையைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. மாப்பிள்ளை இரண்டாவது தட்டும் வாங்கினார்.

அதே கடையில் நாசிக் ஒயின் விற்றார்கள். இங்கேதான் பேச்சு தொடங்கியது. "அம்மா, இன்றைக்கு ஒரு வாய் ருசித்துப் பாருங்களேன்" என்றாள் கயல்.

என் விஷயம் உனக்குத் தெரியும். எங்கள் தெருவில் சாராய வாடை வந்தாலே அம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். சித்தப்பா எப்படிப் போனார் என்று நீ பார்த்திருக்கிறாய். மது என்றால் எனக்குச் சத்தம், அடி, அடகுக் கடை. அறுபத்தொரு வயதுவரை அதில் ருசி என்று ஒன்று இருக்கும் என்றே நான் யோசித்ததில்லை. அன்றைக்குச் சுற்றிலும் பார்த்தேன். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள், அவள் புருஷன் கையில் பீர். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, மடியில் சாப்பாட்டுத் தட்டு, பக்கத்தில் அரை கிளாஸ் ஒயின். ஒரு மிடறு, ஒரு கடி, ஒரு பேச்சு. யாரும் ஒளிந்து குடிக்கவில்லை, அவசரமாகவும் குடிக்கவில்லை. இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். அடையாள அட்டை பார்த்துத்தான் தருகிறார்கள்.

எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். பதினொரு நாட்டிலும் ஒவ்வொரு மது குடித்து முடிக்கிறோம் என்று ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு வருகிற இளைஞர் கூட்டமும் இருக்கிறது. சாயங்காலம் ஜப்பான் பக்கம் ஒரு பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், முகமெல்லாம் வெளுத்து. அவனைப் பார்த்தபோது அந்தப் பழைய பயம் வயிற்றில் புரண்டது. நல்லவேளை, நண்பர்கள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். இப்படி எண்ணிக்கை வைத்துக் குடிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எதையுமே ருசித்திருக்க மாட்டான், பாவம்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஜெர்மனியில் மாப்பிள்ளை பீர் வாங்கினார். கோதுமை பீரும் கிரேப்ஃப்ரூட் சாறும் கலந்தது, போதை மிகக் குறைவு என்றார். ஒரு மிடறு குடித்தேன். பம்ப்ளிமாஸின் அதே கசப்பும் புளிப்பும், கூடவே புளித்த மாவின் வாசனை. ஆப்ப மாவு பொங்கி வந்த காலையில் மூடியைத் திறந்தால் வருமே, அது. ஈஸ்ட்தானே இரண்டிலும் வேலை செய்கிறது! பயந்த மாதிரி ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு மிடறு வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அப்புறம் இத்தாலி. கயல் மொஸ்காட்டோ என்று ஒரு வெள்ளை ஒயின் வாங்கி வந்தாள். இனிப்பானது, லேசாக நுரைக்கும். வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே வாசனை மூக்கில் ஏறியது. மங்கை, நான் அப்படியே நின்றுவிட்டேன். அது உன் டிரங்குப் பெட்டியின் வாசனை.

1976, மதுரை. ஊருக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு நீ வருவாய். பெட்டியைத் திறந்தால் துணிக்கு மேலே செய்தித்தாளில் சுற்றி பன்னீர் திராட்சை. அறை முழுக்க ரோஜாவும் தேனும் கலந்த மாதிரி ஒரு மணம். கம்பத்துக்கு நான் முதலில் வந்தபோது உன் அப்பா பந்தலுக்கு அடியில் நம்மை நிற்கவைத்து, "சாப்பிடுறதுக்கு முன்னாடி கண்ணை மூடி மோந்து பாருங்க பிள்ளைகளா, பாதி ருசி அதுலதான் இருக்கு" என்றாரே, நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது பசி. அவர் சொன்னதும் ஒப்புக்குக் கண்ணை மூடிவிட்டு ஒரு குலையைத் தின்று தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கயலை விட்டுத் தேடச் சொன்னேன். உங்கள் பன்னீர் திராட்சைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். மஸ்கட் என்பது மிகப் பழைய, பெரிய திராட்சைக் குடும்பம். மொஸ்காட்டோ செய்கிற வெள்ளைத் திராட்சையும் அதே குடும்பம்தான். அந்த மணம் குடும்பச் சொத்து. ஆக நான் ஏமாறவில்லை. உன் பந்தல் திராட்சையின் உறவுக்காரனைத்தான் இத்தாலிக் கிளாஸில் பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கிளாஸை அரை மணி நேரம் வைத்திருந்தேன். கண்ணை மூடி மோந்து பார்ப்பேன், அப்புறம் ஒரு சொட்டு. பாதியைக் கயலிடம் கொடுத்துவிட்டேன். அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் துண்டு தின்றுகொண்டிருந்தார். "எங்கே போய்விட்டாய்?" என்று கேட்டார். "கம்பத்துக்கு" என்றேன்.

இரவு ஏரியின் மேல் வாணவேடிக்கை. இந்த மாதம்தான் தொடங்கிய புதுக் காட்சியாம். விளக்கு வைத்த பட்டங்கள் தண்ணீருக்கு மேலே பறந்தன. பேத்தி இவர் தோளிலேயே தூங்கிவிட்டாள், அவளுடைய பாஸ்போர்ட் என் பையில் இருக்கிறது. உன்னிடம் காட்டத்தான் வைத்திருக்கிறேன்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறோம். பொங்கல் முடிந்து ஒரு வாரம் உன் வீட்டில்தான். அப்பா போனபின் தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாயே, பழைய பந்தல் இன்னும் இருக்கிறதா? உங்கள் பள்ளத்தாக்கில்தான் வருடம் முழுக்க அறுவடை உண்டே, தையிலும் ஏதாவது ஒரு கொடியில் பழுத்திருக்கும். தம்பியிடம் சொல்லி ஒரு குலையை மட்டும் பறிக்காமல் விட்டுவைக்கச் சொல். நான் வந்து, பந்தலுக்குக் கீழே நின்று, கண்ணை மூடி மோந்து பார்க்க வேண்டும். நீயும் கூட வர வேண்டும், அதற்குள் முழங்காலைத் தேற்றிக்கொள்.

அண்ணனுக்கு எங்கள் வணக்கம். தம்பி பிள்ளைகளின் படிப்பு எப்படிப் போகிறது என்று எழுது.

என்றும் உன்,
வசந்தா